“உன்னோடு பேச வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்”: வளரிளம் பெண்களிடையே ஒதுக்கிவைத்தல்

கேள்வி, ஜூலை 6

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆறு பேர் கொண்ட தோழியர் கூட்டம் ஒன்றில் நெடுநாளாக இருந்தவள். ஒரு நாள் காலையில் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் மற்ற ஐவரும் பேச்சை நிறுத்தினார்கள். அதன் பிறகு அவளோடு பேசவே இல்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. காரணம் கேட்டபோது ஒருத்தி மட்டும், “உன்னோடு பேச வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்” என்றாளாம். பள்ளியில் முறையிட்டேன். யாரோடு பேச வேண்டும் என்று தாங்கள் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும், பெண் பிள்ளைகள் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்றும், ஆண் பிள்ளைகளானால் அடித்துக்கொண்டு மறுநாளே சேர்ந்துவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். எனக்கும் அது உண்மையென்றே படுகிறது. இது பெண்களின் இயல்பு என்றால், பொறுத்துப்போகச் சொல்லித்தானே வளர்க்க வேண்டும்?

ஜூலை 6, இரவு

ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவியருக்குப் பல ஆண்டுகள் வகுப்பாசிரியையாக இருந்தவள் நான். பள்ளி உங்களிடம் சொன்னவை ஆசிரியர் அறைகளில் நாள்தோறும் புழங்கும் வாக்கியங்கள். பாதி உண்மை என்பதால்தான் அவை இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன.

இயல்பு என்ற எண்ணத்துக்கு ஆய்வுகளிலும் ஒரு பின்னணி உண்டு. 1969-இல் நார்மா ஃபெஷ்பாக் என்ற அமெரிக்க உளவியலாளர், முதல் வகுப்புக் குழந்தைகள் தங்களோடு புதிதாகச் சேர்க்கப்பட்ட குழந்தையை எப்படி நடத்துகிறார்கள் என்று கவனித்தார். தொடக்க நிமிடங்களில் சிறுமியரே கூடுதலாக ஒதுக்கினார்கள். 1988-இல் பின்லாந்தில் கிர்ஸ்டி லாகர்ஸ்பெட்ஸும் அவருடைய குழுவினரும், கோபம் வந்தால் வகுப்பில் யார் என்ன செய்வார்கள் என்று 11, 12 வயதுப் பிள்ளைகளை ஒருவரைப் பற்றி ஒருவரிடம் கேட்டார்கள். புறம் பேசுவதிலும், பழிவாங்குவதற்காக வேறொருத்தியோடு கூட்டுச் சேருவதிலும் சிறுமியர் முன்னே நின்றார்கள். 1995-இல் நிக்கி கிரிக்கும் ஜெனிஃபர் குரோட்பீட்டரும், உறவையே ஆயுதமாக்கும் இந்த நடத்தையைத் தனி வகையாக அளந்தார்கள். அதற்கு முன்பு பெரும்பாலும் உடல் சண்டையை மட்டுமே அளந்ததால் பெண் பிள்ளைகளின் வகுப்பறைகள் அமைதியானவை என்ற தோற்றம் இருந்தது. அதைக் கலைத்தது இந்த ஆய்வுகளின் பெரிய உதவி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2008-இல் நோயல் கார்டும் உடனாய்வாளர்களும் 148 ஆய்வுகளை, 73,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, அடிதடியில் ஆண் பிள்ளைகள் தெளிவாக முந்தியிருந்தார்கள். ஒதுக்குவதிலும் புறம் பேசுவதிலும் இரு பாலாருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆண் பிள்ளைகளும் ஒதுக்குகிறார்கள். அவர்கள் அடிக்கவும் செய்வதால் நம் கண் அடியிலேயே நின்றுவிடுகிறது. மறுநாளே சேர்ந்துவிடுவார்கள் என்பதைப் பற்றி, விளையாட்டுக் குழுவில் எப்போதும் கடைசியாக அழைக்கப்பட்ட பையன் ஒருவனைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஜூலை 7, காலை

இரவில் எழுதியதைப் படித்தபோது ஒன்று விடுபட்டிருப்பது தெரிந்தது. செய்வதில் வேறுபாடு இல்லை என்பதால் வலியிலும் வேறுபாடு இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. இந்த வயதில் ஆண் பிள்ளைகளின் நட்பு பெரும்பாலும் பலர் சேர்ந்து ஏதாவது செய்வதில் நிலைகொள்கிறது. பெண் பிள்ளைகளின் நட்போ இருவர் மூவர் தம் மனத்திலுள்ளதைப் பகிர்ந்துகொள்வதில் நிலைகொள்கிறது. எல்லாருக்கும் இது பொருந்தாது, ஆனால் பலருக்குப் பொருந்தும். அப்படிப்பட்ட நட்பு முறியும்போது தோழி மட்டும் போவதில்லை. அவளிடம் சொல்லி வைத்திருந்த ரகசியங்கள் அத்தனையும் எதிர்த்தரப்பின் கையில் போய்ச் சேர்கின்றன. உங்கள் மகள் எதற்கும் பதில் பேசாமல் அடங்கியிருக்கிறாள் என்றால், வாய் திறந்தால் எது வெளியே வரும் என்ற அச்சம் அவளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூலை 7, மாலை

“என் மகளும் தோழிகளும் வாரம் ஒரு முறை காய் விட்டுக்கொள்கிறார்கள், பிறகு பழம் விட்டுக்கொள்கிறார்கள், அதையெல்லாம் கொடுமை என்று சொல்லலாமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லக்கூடாது. நோர்வேயில் பணியாற்றிய டான் ஓல்வியஸ் வகுத்த அளவுகோல் இன்றும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது: வேண்டுமென்றே செய்யப்படுவது, திரும்பத் திரும்ப நிகழ்வது, இரு தரப்புக்கும் இடையே வலிமை சமமாக இல்லாதது. பிணக்கு என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் அதை முடித்துவைக்கலாம். ஒருத்தி எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் முடிவு எதிர்த்தரப்பின் கையில் மட்டுமே இருக்கிறது என்றால் அது பிணக்கு இல்லை. கேள்வி கேட்டவரின் மகளிடம் சொல்லப்பட்ட வாக்கியத்தில் “முடிவு செய்திருக்கிறோம்” என்று இருப்பதைக் கவனியுங்கள். ஐந்து பேர் கூடி, அவள் இல்லாத இடத்தில் பேசி, ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கிறார்கள்.

ஜூலை 8

நான் சொல்ல வந்தது உண்மையில் இதுதான், இயல்பா இல்லையா என்ற வழக்கில் அது பின்தள்ளப்பட்டுவிட்டது. ஒருத்தி தனியாக அடிக்க முடியும், தனியாகத் திட்ட முடியும். ஒருத்தி தனியாக யாரையும் ஒதுக்கிவைக்க முடியாது. மற்றவர்கள் உடன்பட்டால்தான் அது நடக்கும். தலைவி என்று நாம் நினைப்பவள் பேசாமல் இருக்க, மீதி நால்வரும் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தால், ஒதுக்கப்பட்டவள் அவளாகத்தான் இருப்பாள்.

1996-இல் பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவள்ளியும் உடனாய்வாளர்களும் 12, 13 வயதுடைய 573 பிள்ளைகளை ஆராய்ந்து, கொடுமை செய்பவர், பாதிக்கப்பட்டவர் என்ற இருவரைக் கொண்ட படம் போதாது என்று காட்டினார்கள். கூடச் சேர்ந்து செய்பவர், சிரித்தும் வேடிக்கை பார்த்தும் ஊக்கமளிப்பவர், எதிலும் கலக்காமல் விலகி நிற்பவர், பாதிக்கப்பட்டவருக்காகப் பேசுபவர் என்று வகுப்பில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு பங்கு இருந்தது. பள்ளி இப்போது உங்களிடம், “யார் தொடங்கியது?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் பயன் குறைவு. தொடங்கியவளுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் நிற்பவர்கள் யார், அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதே கேட்க வேண்டியது.

ஜூலை 9

“பேசாமல் இருப்பது ஒரு செயலே இல்லை, எந்த விதியின் கீழ் அதைத் தண்டிப்பது?” என்று ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். தண்டிக்கச் சொல்லவில்லை. ஆனால் அது செயலே இல்லை என்பதை ஏற்க முடியாது.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு பூங்காவில் அமர்ந்திருந்தபோது, அருகே இருவர் எறிந்து விளையாடிக்கொண்டிருந்த வட்டு அவரிடம் வந்து விழுந்தது. அவர் திருப்பி எறிந்தார். சிறிது நேரம் அவரையும் சேர்த்து விளையாடியவர்கள் பிறகு பேச்சின்றி அவரை விட்டுவிட்டார்கள். முன்பின் அறியாதவர்கள் செய்த அந்தச் சிறு விலக்கம் தம்மை எவ்வளவு உறுத்தியது என்ற வியப்பிலிருந்துதான் அவருடைய ஆய்வு முறை பிறந்தது. கணினித் திரையில் மூவர் பந்தை எறிந்து விளையாடுவதாக அமைத்து, சிறிது நேரத்துக்குப் பிறகு ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் செய்துவிடுவார்கள். சில நிமிடங்களிலேயே அப்படி விடப்பட்டவர்களுடைய தன்மதிப்பும், தாம் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற உணர்வும் சரிந்தன. மற்ற இருவரும் மனிதர்கள் இல்லை, கணினி நிரலே விளையாடுகிறது என்று முன்கூட்டியே சொன்னபோதும் அந்தச் சரிவு காணப்பட்டது.

பெயர் தெரியாத நிரல் பந்தை எறியாமல் விட்டாலே வளர்ந்தவர்களுக்கு இப்படி இருக்கிறது என்றால், இரண்டு பெஞ்சு தள்ளி அமர்ந்திருக்கும் ஐவர் ஒரு பருவம் முழுதும் செய்வதைப் பதின்மூன்று வயதுக்காரி எப்படித் தாங்குவாள் என்பதை அந்த ஆசிரியரின் எண்ணத்துக்கே விடுகிறேன்.

ஜூலை 10

தலைவி என்றால் வீட்டில் அன்பு கிடைக்காதவள், தாழ்வு மனப்பான்மை உடையவள் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் நான் பார்த்த தலைவியரில் பலர் நன்றாகப் பேசக்கூடியவர்கள், மற்றவர்களின் மனத்தைக் கூர்ந்து படிக்கத் தெரிந்தவர்கள், ஆசிரியர்களுக்குப் பிடித்தமானவர்கள். எவளுக்கு எது வலிக்கும் என்று தெரியாதவளால் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

பிள்ளைகளிடம், “உனக்கு யாரைப் பிடிக்கும்?” என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும், “வகுப்பில் யாருக்குச் செல்வாக்கு அதிகம்?” என்று கேட்டால் வேறொரு பட்டியல் வரும். தொடக்கப் பள்ளி வயதில் இரண்டும் ஓரளவு ஒன்றியிருக்கும். வளரிளம் பருவத்தில் விலகிப்போகும். செல்வாக்குக்கும் ஒதுக்கிவைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு இந்த வயதில்தான் இறுகுகிறது. ராபர்ட் ஃபாரிஸும் டயான் ஃபெல்ம்லியும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களின் செல்வாக்கு நிலை உயர உயர அவர்களுடைய வன்மமும் உயர்ந்தது. உச்சியை எட்டிவிட்ட மிகச் சிலரிடம் மட்டும் அது மீண்டும் குறைந்தது. ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கே அது தேவைப்படுகிறது, ஏறி முடித்தவர்களுக்கு இல்லை என்று அதைப் புரிந்துகொள்கிறேன். ஆசிரியர் அறையில் யார் யாருக்கு அருகில் அமர்வது என்பதைப் பார்த்திருப்பவர்கள், இது பதினேழு வயதோடு தீர்ந்துபோகும் என்று நம்ப மாட்டார்கள்.

ஜூலை 12

எதிர்த்தரப்பில் இருக்கும் பெண்ணின் தாயைத் தொலைபேசியில் அழைத்துப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பேசி முடிக்கும் முன்பே அந்த வீட்டில் அது தங்கள் பிள்ளையைக் காப்பாற்றும் வழக்காக மாறிவிடும். மறுநாள் உங்கள் மகள் “கோள் சொன்னவள்” என்ற பட்டத்தோடு வகுப்பில் நிற்பாள். ஐவரையும் அவளையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்லும் சமாதானக் கூட்டத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இருவர் சமமாக இருக்கும்போது நடுவர் உதவுவார். ஐவரும் ஒருத்தியும் அமர்ந்திருக்கும் அறையில் எல்லாரும் இனிமையாகப் பேசுவார்கள், தலைமையாசிரியர் மனநிறைவோடு எழுந்து போவார், கதவைத் தாண்டியதும் ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். எழுதிக் காட்டக்கூடிய எதுவும் நடந்திருக்காது.

ஜூலை 13

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்டவருக்கு.

நான் கையாண்ட வழி, ஒவ்வொரு மாணவியையும் தனித்தனியாக, ஒருத்தியோடு பேசி முடித்ததும் அவள் மற்றவர்களைச் சந்திக்கும் முன்பே அடுத்தவளை அழைத்து, குற்றஞ்சாட்டாமல் பேசுவது. சுவீடனின் அனடோல் பிகாஸ் வகுத்த முறையின் சாயல் அது. “இவள் தனியாக இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது, உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று தொடங்குவேன். நேரில் அவள் உனக்கு என்ன செய்தாள் என்று பிறகு கேட்பேன். எனக்கு அவள் மேல் ஒன்றும் இல்லை, மற்றவர்களுக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை என்று ஒருத்தி சொல்வாள். அடுத்தவளும் கிட்டத்தட்ட அதையே சொல்வாள், அதற்கடுத்தவளும். தனித்தனியாக யாருக்கும் இல்லாத வெறுப்பு எல்லாருக்கும் இருப்பதாக எல்லாரும் நம்பிக்கொண்டு, அடுத்து தன் முறை வந்துவிடுமோ என்று வாய் மூடி இருக்கிறார்கள்.

“அவளுடைய நிலைமையைக் கொஞ்சம் எளிதாக்க நீ என்ன செய்யலாம்?” என்பது கடைசிக் கேள்வி. பெரிய வாக்குறுதி எதையும் நான் கேட்பதில்லை. பயிற்சி ஏட்டைக் கேட்டு வாங்குவது, நுழையும்போது பெயர் சொல்லி அழைப்பது என்ற அளவில் ஒன்றை அவர்களே சொல்வார்கள். பின்லாந்தில் 2009 முதல் நாடு தழுவிப் பரவிய ‘கிவா’ என்ற கொடுமைத் தடுப்புத் திட்டத்திலும் இதே எண்ணம் வேறொரு வடிவில் இருக்கிறது: செல்வாக்கும் நல்ல மனமும் உடைய வகுப்புத் தோழர்கள் இருவர் முதல் நால்வரை வகுப்பாசிரியர் அழைத்து, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்கும்படி கேட்கிறார். முழு வகுப்பையும் திருத்த வேண்டியதில்லை. நட்பு பற்றிய ஆய்வுகளிலும், ஒரே ஒரு நெருங்கிய தோழி இருந்தால்கூடக் கொடுமையின் பின்விளைவு குறைகிறது என்று தெரிகிறது.

ஜூலை 16

சென்ற குறிப்பு கொஞ்சம் எளிதாக ஒலித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு தடைகளைச் சேர்க்க வேண்டும்.

கொடுமைத் தடுப்புத் திட்டங்கள் சிறு வகுப்புகளில் பயனளிப்பதைப்போல் வளரிளம் பருவத்தில் பயனளிப்பதில்லை. டேவிட் யேகரும் உடனாய்வாளர்களும் 2015-இல் பல ஆய்வுகளை ஒப்பிட்டு, எட்டாம் வகுப்பு அளவில் அந்தப் பயன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்று எழுதினார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அன்பாக இருப்பது எப்படி என்று பாடம் நடத்தலாம். பதினான்கு வயதுக்காரிக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாதவளாக அவளை நடத்துவதுதான் அவளுக்குப் பிடிப்பதில்லை. ஆகவே இறைவணக்கக் கூட்டத்தில் பொதுவாக அறிவுரை சொல்வதாகப் பள்ளி முன்வந்தால் நன்றி சொல்லிவிட்டு, தனித்தனியாகப் பேசும் வழியையே வற்புறுத்துங்கள்.

இன்னொன்று என்னைப் பல நாள் உறுத்திய செய்தி. வகுப்பில் கொடுமை பொதுவாகக் குறைந்துவிட்ட பிறகும் அதற்கு ஆளாகிக்கொண்டிருக்கும் சில பிள்ளைகள், கொடுமை மலிந்த வகுப்பில் இருப்பவர்களைவிடக் கூடுதலாகத் துவண்டுபோகிறார்கள் என்று பின்லாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாரும் எல்லாரையும் கேலி செய்யும் வகுப்பில், இந்த வகுப்பே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளலாம். எல்லாரும் நன்றாக இருக்கும் வகுப்பில் தான் மட்டும் தனித்து நின்றால், குறை தன்னிடம்தான் என்ற முடிவுக்கு அந்தப் பெண் வருகிறாள். எங்கள் பள்ளியில் இப்படியெல்லாம் நடப்பதில்லை என்று ஒரு தலைமையாசிரியர் பெருமையோடு சொல்லும்போது, எங்கோ ஒருத்திக்கு அது எப்படிக் கேட்கும் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 17

கைபேசி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கைபேசி இதை உருவாக்கவில்லை. இடைவேளையையும் வீட்டையும் பிரித்து வைத்திருந்த சுவரை எடுத்துவிட்டது. ஆறு பேர் இருந்த வாட்ஸ்அப் குழு அப்படியே இருக்கும், அதில் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். ஐவருக்கு மட்டும் புதிய குழு ஒன்று தொடங்கியிருக்கும். ஸ்டேட்டஸில் பெயர் குறிப்பிடாமல் ஜாடையாக ஒரு வரி வரும். தண்டனையாகத் தெரியும்படி கைபேசியைப் பிடுங்காதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை அவள் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள். வருபவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதில் எழுத வேண்டாம்.

ஜூலை 21

ஒரு தந்தை எழுதியிருக்கிறார்: இந்த இழையைப் படித்தபோது, தம் மகள் ஒதுக்கப்பட்டவள் இல்லை, ஒதுக்கிய ஐவரைப் போன்றவள் என்று தெரிந்துகொண்டாராம். இங்கே வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் தேவையாகப் பட்டது இதுதான். நூறு பெற்றோர் இதைப் படித்தால் அவர்களில் அதிகம் பேர் இரண்டாவது வரிசைப் பிள்ளைகளின் பெற்றோராகத்தான் இருக்க முடியும். ஆனால் எல்லாரும் பாதிக்கப்பட்டவளின் பெற்றோராகவே பேசுகிறோம்.

ஐயா, உங்கள் மகளிடம் அறவுரையோடு தொடங்காதீர்கள். அந்தப் பெண்ணோடு நீ பேசினால் உனக்கு என்ன நேரும் என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை அற்பமென்று தள்ளாதீர்கள். “என்னையும் சேர்க்க மாட்டார்கள்” என்பது அந்த வயதில் உண்மையான இழப்பு. எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று தோழிக்காக வாதாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது, நம்மில் பலர் அலுவலகத்தில் செய்யாததை அவளிடம் கேட்பதாகும். புறம் பேசும் பேச்சு தொடங்கும்போது அதைத் தொடராமல் வேறு பேச்சுக்கு மாறுவது, தகவலை அடுத்தவளுக்குக் கடத்தாமல் இருப்பது, தனியாகப் பார்க்கும்போது இரண்டு வார்த்தை பேசுவது ஆகியவை அவளால் இயலக்கூடியவை. கனடாவில் பள்ளி விளையாட்டிடங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த லின் ஹாக்கின்ஸ், டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் ஆகியோர், வேறொரு பிள்ளை குறுக்கிட்ட நேரங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கொடுமை பத்து நொடிக்குள் நின்றதை 2001-இல் பதிவு செய்தார்கள். அவர்கள் பார்த்தவர்கள் சிறு பிள்ளைகள், பார்த்த இடம் திறந்தவெளி; ஆகவே உங்கள் மகளின் வகுப்புக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். ஆனாலும், தலையிட்டால் ஒன்றும் ஆகாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தால், அதை அவளிடம் சொல்லலாம்.

ஜூலை 29

முதலில் கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். பள்ளி தனித்தனியாகப் பேச ஒப்புக்கொண்டதாம். குழு வேலைகளுக்கு மாணவியரை இனி வகுப்பாசிரியரே பிரிக்கிறாராம். ஐவரில் இருவர், தலைவி இல்லாத நேரங்களில் மட்டும் மகளோடு பேசுகிறார்கள். அவள் வந்துவிட்டால் விலகிவிடுகிறார்கள். இந்த அரைகுறைப் பேச்சை ஏற்றுக்கொள்வதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று மகள் கேட்கிறாளாம்.

ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அது கோழைத்தனம்தான், ஆனால் அந்த வகுப்பில் இப்போதைக்குக் கிடைக்கும் துணிச்சலும் அந்த அளவுதான். ரகசியம் எதையும் அவர்களிடம் சொல்லாமல், பாடம், தேர்வு, விளையாட்டு என்று பேசட்டும். பழைய கூட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற ஏக்கம் அவளுக்கு இருக்கும். அதை மறுத்துப் பேசாமல், ஆசிரியர் பிரித்த குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தியை விடுமுறை நாளில் வீட்டுக்கு அழைக்க அவளுக்கு உதவுங்கள். வகுப்பாசிரியரிடம் இந்த ஏற்பாட்டை ஆண்டுத் தேர்வு வரை தொடரும்படி இப்போதே கேட்டு வையுங்கள். நிலைமை சீராகிவிட்டது என்று ஒரு மாதத்தில் விட்டுவிட்டால், பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்ததுபோல் பழைய இடங்களுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.